ஐடா ஸ்கடர்

சித்தூர், திருப்பதி, வேலூர் மூன்றும் 1911-க்கு முன் வடஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1870-இல் ஐடா பிறந்தார். தந்தை அமெரிக்க மருத்துவர். மகளுக்கோ மருத்துவத்தில் நாட்டமில்லை.

திண்டிவனத்தில் ஓரிரவு, பேறுகால வேதனையில் துடித்த மனைவியருக்கு உதவுமாறு மூவர், ஒருவர்பின் ஒருவராக, ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். தந்தையை அனுப்புவதாகக் கூறினார். ஆண் மருத்துவர் வேண்டாவென மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் மாண்டனர்.

1895-இல் ஐடா பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயே பட்டம் பெற்றிருக்கலாம். ஆயினும், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் 1898-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆடவரோடு மகளிரையும் ஏற்றது. பழகிய கல்லூரியைவிட்டு இறுதியாண்டில் அங்குச் சென்றார், 1899-இல் தேர்ச்சியுற்றார்.

1918-இல் அவர் வேலூரில் மகளிர்க்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய சி.எம்.சி. சித்தூரிலும் அதற்கொரு வளாகம் உண்டு.