ஸ்பிரிங்பீல்ட் நியாயவாதி இலிங்கன்

ஆபிரகாம் இலிங்கன் என்றதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாவது சனாதிபதியையே நம்மவர் நினைப்பர். அப்பதவியில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகளும் ஆறு கிழமைகளுமே. அதற்கு முன் இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேலாக, இலினோய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் என்னும் சிறு பட்டினத்தில் வழக்குரைத்தும் பிள்ளைகளைத் தோளிற் சுமந்தும் வாழ்ந்த இலிங்கனைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

1809 ஆம் ஆண்டு கெந்தக்கியில் மரக்குற்றிகளாலான குடிலொன்றிற் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்திற் கழித்த நாட்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. சட்ட நூல்களை இரவல் வாங்கித் தாமே கற்று, 1836 இல் நியாயவாதியாகும் உரிமை பெற்றார். மறு ஆண்டு ஸ்பிரிங்பீல்டுக்கு வந்தபோது கையிற் பணமில்லை. நொடித்துப்போன கடையொன்றின் கடனோ தலைமேல் இருந்தது. கடைக்காரர் யோசுவா ஸ்பீட் தம் மாடியறையிற் பாதியைக் கொடுத்தார். பழைய கடனைப் பல ஆண்டுகள் உழைத்துச் சிறுகச் சிறுகத் தீர்த்தார். கடன் வாங்கியதை மறந்துவிடும் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக!

அக்காலத்தில் நீதிபதியும் நியாயவாதிகளும் ஆண்டில் இருமுறை குதிரையிலும் வண்டியிலும் ஊரூராகச் சென்று வழக்கு நடத்துவர். இரவில் ஒரே விடுதியில், இடம் போதாவிடின் ஒரே கட்டிலில் இருவராகத் துயில்வர். அவ்விடுதிகளிற் கதை சொல்ல இலிங்கனுக்கு நிகர் எவருமிலர். நீதிபதி டேவிட் டேவிசும் வயிறு குலுங்கச் சிரிப்பார். எனினும் அந்நகைச்சுவை ஒருமுறை உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. 1842 இல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் அரசாங்க அலுவலரைப் புனைபெயரிற் பத்திரிகையில் எள்ளி எழுதினார். வெகுண்ட ஷீல்ட்ஸ் தனிப்போருக்கு அழைத்தார். ஆறடி நாலங்குல உயரமும் அதற்கேற்ற நீண்ட கைகளும் உடைய இலிங்கன் பெருவாளை ஆயுதமாகத் தெரிந்தார். நண்பர்கள் இடைப்புகுந்து போர்க்களத்திலேயே இருவரையும் சமாதானப்படுத்தினர். பின்னாளில் அதைப்பற்றிப் பேச அவர் விரும்பியதில்லை.

அவ்வாண்டு நவம்பரில் மேரி டொட் அம்மையாரை மணந்தார். ஆண்மக்கள் நால்வர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தந்தையுடன் அலுவலகம் புகுந்து புத்தகங்களை இழுத்தெறிந்து மைக்கூட்டைக் கவிழ்ப்பர். கூட்டாளி ஹேர்ண்டன் பல்லைக் கடிப்பார். இலிங்கனோ கண்டும் காணாதவராய் வாசித்திருப்பார். அவரது ஒழுங்கும் பிள்ளைகளின் ஒழுங்கைவிட மேலன்று. முக்கியமான கடிதங்கள் இருந்தது அவருடைய உயர்ந்த தொப்பிக்குள்ளேதான்! அச்சிரிப்பு நிறைந்த வீட்டில் 1850 இல் இரண்டாம் மகன் எட்வேட் நான்கு வயது நிரம்புமுன் இறந்தான்.

1858 இல், தமக்கு முன்னாளிற் சோறிட்ட ஏழைத் தாயொருத்தியின் மகன்மேற் கொலைவழக்கு வந்தது. நிலவொளியில் யாவும் கண்டதாகச் சாட்சி சொன்னவனை, அந்நேரம் நிலவு அடிவானை நெருங்கியிருந்ததென்று பஞ்சாங்கத்தைக் காட்டி மடக்கினார். மகன் விடுதலையானான், கூலி ஒரு சதமும் பெற்றிலர்.

இதனைச் சொல்வோர் 1847 ஆம் ஆண்டு வழக்கைச் சொல்லாது விடுவர். நாம் விடுதல் தகாது. அடிமைத்தாய் ஒருத்தியையும் அவள் மக்களையும் மீட்டுத் தரக்கேட்ட மற்சன் என்னும் உடைமைக்காரனுக்காக இலிங்கன் வாதாடினார்; தோற்றார். அத்தாயும் மக்களும் விடுதலை பெற்றனர். 1863 இல் அடிமை விடுதலைப் பிரகடனத்திற் கையெழுத்திட்டதும் அக்கையே.

1861 பெப்புருவரியில் வாஷிங்டனுக்குப் புறப்படுமுன், மீண்டும் வந்து தொழில் நடத்தும் எண்ணத்தால், அலுவலகப் பெயர்ப்பலகையைக் கழற்றவேண்டாமென்று கேட்டுக்கொண்டதாக ஹேர்ண்டன் எழுதிவைத்துள்ளார். 1865 மே 4 ஆந் தேதி, கொலையுண்ட அவருடலை ஸ்பிரிங்பீல்டில் அடக்கம் செய்தனர். சனாதிபதி மாளிகையில் 1862 இல் இறந்த மகன் வில்லியமின் பேழையும் அதே புகையிரதத்தில் தந்தையுடன் ஊர் வந்து சேர்ந்தது.