வெப்பத்திற்கு அளவுகோல் தந்தவர்

பிரிஞ்சாங்கைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பொழுது பனிமூட்டத்தோடு விடிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையூரில் இரவு வெப்பநிலை 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்குவதுண்டு. கம்பளிச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்து கொழுந்து பறிக்கச் செல்லும் இருவரைக் கேட்டால், ஒருவர் கடுங்குளிர் என்பார். மற்றொருவர் இதமான காலை என்பார். மழையில் நனைந்த உடல் எவ்வளவு வெப்பத்தை இழந்துள்ளது என்பதை உணர்வைக் கொண்டு மட்டும் கூற இயலாது. அளந்தே அறிய வேண்டும். இன்று உடலில் அணியக்கூடிய சிறிய மின்னணுக் கருவிகள் அப்பணியைச் செய்கின்றன. அவை காட்டும் எண்ணை நாம் ஐயமின்றி நம்புகிறோம். அத்தகைய நம்பிக்கைக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே வழிவகுத்தவர் டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட்.

பாரன்ஹீட் 1686ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் டான்சிக் நகரில் பிறந்தார். பால்டிக் கடலோரத்தில் உள்ள அத்துறைமுக நகரம் இன்று போலந்து நாட்டில் கிடான்ஸ்க் என்று அழைக்கப்படுகிறது. அவருடைய குடும்பம் வசதி படைத்த வணிகக் குடும்பம். உடன்பிறந்தவர்களுள் அவரே மூத்தவர். அவருக்குப் பதினைந்து வயதானபோது பேரிடி விழுந்தது. 1701ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நச்சுக் காளானை உண்டதால் தந்தையும் தாயும் ஒரே நாளில் உயிரிழந்தனர்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பொறுப்பைப் பாதுகாவலர்கள் ஏற்றனர். மூத்தவன் வணிகனாக வேண்டும் என்று முடிவு செய்து, அவரை ஆம்ஸ்டர்டாம் நகருக்குத் தொழில் பழக அனுப்பினர். கணக்கேடுகளைப் புரட்ட வேண்டிய இளைஞரின் மனமோ கண்ணாடிக் குழாய்களைச் சுற்றியே வந்தது. அந்நகரில் வெப்பமானிகளும் காற்றழுத்தமானிகளும் செய்யப்பட்டன. அவற்றைச் செய்யும் கலையைக் கற்பதிலேயே அவர் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டார். தமக்கு வரவேண்டிய சொத்தை நம்பிக் கடனும் வாங்கினார்.

பாதுகாவலர்கள் சினமுற்றனர். அவரைப் பிடித்து டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் வேலைக்குக் கப்பலேற்றிவிட ஆணை பெற்றனர். அக்காலத்தில் மலாக்காவும் அக்கும்பினியின் ஆட்சியில்தான் இருந்தது. பிடிபட்டிருந்தால் அந்த இளைஞரின் வாழ்க்கை நம் கடற்பகுதியில் ஏதேனும் ஒரு கிடங்கில் கழிந்திருக்கக்கூடும். அவர் பிடிபடவில்லை. ஊர் ஊராகச் சென்று கருவி செய்வோரையும் அறிஞர்களையும் சந்தித்தார்.

1708ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓலே ரோமரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை வியாழன் கோளின் துணைக்கோளை ஆராய்ந்து எடுத்துக்காட்டிய வானியலாளர் அவர். வெப்பமானிகளில் நிலையான இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கிடையே சமமாகப் பகுக்கும் முறையை ரோமர் கையாண்டார். அம்முறையைப் பாரன்ஹீட் கூர்ந்து கவனித்தார்.

அந்நாளில் வெப்பமானிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஒன்று காட்டிய அளவை மற்றொன்று காட்டவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கோடுகள் இட்டனர். ஓர் ஊரில் எடுத்த அளவை வேறோர் ஊரில் இருந்தவர் பயன்படுத்த முடியவில்லை. அளவு ஒன்றாக இல்லாதவரை அறிவியல் வளராது என்பதைப் பாரன்ஹீட் உணர்ந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பின், ஒரே அளவைக் காட்டும் இரண்டு வெப்பமானிகளைச் செய்து, 1714இல் கிறிஸ்தியான் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞரிடம் கொடுத்தார். இரண்டும் ஒத்திருந்ததைக் கண்டு வியந்த வோல்ஃப், அதனைப் பற்றி ஓர் ஆய்விதழில் எழுதினார்.

அவ்விரு கருவிகளிலும் சாராயமே நிரப்பப்பட்டிருந்தது. சாராயம் 78 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆதலால், அதைக் கொண்டு கொதிநீரின் வெப்பத்தை அளப்பது கடினம். பாரன்ஹீட் பாதரசத்தை நாடினார். அது கண்ணாடியில் ஒட்டாது. வெப்பம் ஏற ஏறச் சீராக விரியும். 357 பாகை செல்சியசு வரை கொதிக்காது. பாதரசத்தில் சிறு அழுக்கு இருந்தாலும் அது குழாயில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். ஆகவே, அதனைத் தூய்மையாக்குவதில் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். அவர் செய்த பாதரச வெப்பமானிகள் துல்லியத்திற்குப் பெயர் பெற்றன. பின்னர் ஆம்ஸ்டர்டாமில் தங்கி, கருவிகள் செய்து விற்றும் வேதியியல் வகுப்புகள் நடத்தியும் வாழ்ந்தார்.

1724ஆம் ஆண்டு லண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டில் வெளிவந்த கட்டுரைகளில் தம் அளவுமுறையை அவர் விளக்கினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவை தரும் கடுங்குளிர் சுழியம் ஆனது. பனிக்கட்டியும் நீரும் சேர்ந்த நிலை 32 ஆனது. நலமான மனிதரின் வாயிலோ அக்குளிலோ வெப்பமானியை வைத்தால் அது காட்டும் அளவு 96 ஆனது. 32க்கும் 96க்கும் இடையே 64 பிரிவுகள் உள்ளன. ஒரு கோட்டை ஆறு முறை பாதி பாதியாகப் பகுத்தால் 64 பிரிவுகள் கிடைத்துவிடும். கையால் கோடிடும் தொழிலாளிக்கு இதைவிட எளிய வழி வேறில்லை. கடுங்குளிரையும் மனித உடலின் வெப்பத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்தியது அவர் செய்த அருஞ்செயலாகும்.

எனினும், அவருடைய அளவில் ஒரு குறை இருந்தது. உடல் வெப்பம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை சற்று மாறும். நிலையான புள்ளியாக அதனைக் கொள்வது பொருந்தாது. பின்வந்தோர் நீரின் உறைநிலையை 32 என்றும் கொதிநிலையை 212 என்றும் உறுதிப்படுத்தினர். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் வெப்பநிலையை ஆராய்ந்து, 1868இல் நூல் வெளியிட்டார். அவர் கூறிய சராசரி உடல் வெப்பம் 37 பாகை செல்சியசு, அதாவது 98.6 பாகை பாரன்ஹீட்.

பாரன்ஹீட் பெருஞ்செல்வம் சேர்க்கவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில், நீர் தேங்கிய தாழ்நிலங்களிலிருந்து நீரை இறைக்கும் பொறி ஒன்றுக்கு உரிமம் பெற முயன்றுகொண்டிருந்தார். அது நிறைவேறுமுன், 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் நாள் தம் ஐம்பதாம் வயதில் ஹேக் நகரில் காலமானார். வறியவருக்கு உரிய எளிய முறையிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று மலேசியாவில் செல்சியசு அளவே வழக்கில் உள்ளது. பாதரச வெப்பமானிகளும் அருகி வருகின்றன. ஆயினும், அவர் வகுத்த வழி மறையவில்லை. உடலில் அணியும் வெப்பமானியில் அரிசிமணி போன்ற ஓர் உணரி இருக்கும். வெப்பம் ஏறும்போது அதன் மின்தடை குறையும், இறங்கும்போது கூடும். அம்மாற்றத்தைச் சிறு கணினிச் சில்லு எண்ணாக மாற்றிக் காட்டும். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால், குளிரில் முதலில் தோல்தான் குளிரும். மணிக்கட்டில் கட்டிய கருவி தோலின் வெப்பத்தையே காட்டும். உடலின் உள்வெப்பத்தை ஓரளவேனும் அறிய, உணரியை அக்குளில் வைப்பது மேல். அன்று பாரன்ஹீட் தேர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று.

பிரிஞ்சாங்கில் ஒரு மாணவர் இத்தகைய கருவியைச் செய்தால், அதை அணியும் முன் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியையும் நீரையும் கலந்து, நீர் புகாதவாறு மூடிய உணரியை அதில் வைக்க வேண்டும். கருவி சுழியம் பாகை செல்சியசைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாகை பிழைபட்டாலும் நடுங்குகிறவரை நலமானவர் என்று அக்கருவி சொல்லிவிடக்கூடும். கருவியைச் செய்வதோடு பணி முடிவதில்லை. அது சொல்வது உண்மையா என்று சோதித்தறிவதே அதனினும் பெரிய பணி. பெற்றோரை இழந்து, பாதுகாவலர்களின் சினத்துக்கு ஆளான ஓர் இளைஞர் தம் வாழ்நாளைத் தந்து உலகுக்குக் காட்டிச் சென்ற வழி அதுவே.