நிலக்கரிக் கணக்குச் சொல்லி நீராவி எந்திரம் விற்றவர்

நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட் பெயர்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்த எந்திரத்தின் பெருமையை எடுத்துச் சொல்லி, தொழில் முதலாளிகளை வாங்க வைத்தவர் வேறு ஒருவர். அவர் பெயர் மாத்யூ போல்ட்டன்.

போல்ட்டன் 1728-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள பர்மிங்காம் நகரில் பிறந்தார். தந்தை பொத்தானும் பக்கிளும் செய்து விற்றவர். மகன் அந்தத் தொழிலைப் பெருக்கினார். ஊருக்கு வெளியே சோகோ என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டினார்.

கடனுக்கு வந்த எந்திரம்

வாட் ஸ்காட்லாந்துக்காரர். பழைய நீராவி எந்திரத்தைவிட மிகக் குறைவான நிலக்கரியில் ஓடும் எந்திரத்துக்கு வழி கண்டுபிடித்து, 1769-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். பேரம் பேசுவது என்றால் அவருக்கு வேப்பங்காய்.

வாட்டுக்குப் பணம் போட்ட ரோபக் என்பவர் 1773-ல் நொடித்துப் போனார். ரோபக், போல்ட்டனிடமும் கடன் பட்டிருந்தார். கடனுக்கு ஈடாக, எந்திரத்தில் தமக்கு இருந்த மூன்றில் இரண்டு பங்கு உரிமையைக் கொடுத்தார். மற்றக் கடன்காரர்கள் அந்த உரிமையைக் காலணாவுக்கும் மதிக்கவில்லை. போல்ட்டன் மதித்தார்!

1775-ல் பார்லிமெண்டு காப்புரிமையை 1800-ம் ஆண்டு வரை நீட்டித்தது. மறு ஆண்டு மார்ச் மாதம், பர்மிங்காம் அருகே டிப்டன் என்ற ஊர்ச் சுரங்கத்தில் புதிய எந்திரம் ஓடியது. பலர் அழைக்கப்பட்டு வந்திருந்தனர். குழியில் 57 அடிக்கு நின்ற தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குள் வற்றியது. ஊர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது.

மிச்சத்தில் பங்கு

சரி, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் வாங்கி விடுவார்களா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் இருக்கிறது. அங்கே செம்புச் சுரங்கங்களும் தகரச் சுரங்கங்களும் இருந்தன. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். இறைக்கப் பழைய எந்திரங்கள் இருந்தன. ஆனால் அவை நிலக்கரியை மலை மலையாகத் தின்றன. அந்த நிலக்கரியும் வேல்சிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

அந்த முதலாளிகளிடம் நீராவி எப்படிக் குளிர்கிறது என்று பேசிப் பயன் இல்லை. நிலக்கரிக் கணக்கு அவர்களுக்கு நன்றாகப் புரியும். போல்ட்டன் அதையே பேசினார். எந்திரத்தின் பாகங்களை முதலாளிகளே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வரைபடமும் ஆளும் போல்ட்டன் கம்பெனி தரும். பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனிக்குக் கொடுத்தால் போதும்.

ஓர் உதாரணம் பாருங்கள். பழைய எந்திரத்துக்கு மாதம் 90 பவுன் நிலக்கரி, புதியதற்கு 30 பவுன் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60. அதில் கம்பெனிக்கு 20, முதலாளிக்கு 40. மிச்சமே இல்லை என்றால் கம்பெனிக்கும் ஒன்றும் இல்லை! எந்திரம் எத்தனை தடவை அசைந்தது என்று எண்ண, பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றையும் வாட் பொருத்தினார்.

முதலாளிகள் இசைந்தனர். எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஆனால் பணம் மெதுவாகத்தான் வந்தது. போல்ட்டன் வரவேண்டிய பங்குத் தொகையையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். ரோபக்கின் கதி அவருக்கும் வந்திருக்கும், மயிரிழையில் தப்பினார்.

குதிரைக் கணக்கு

ஆலை முதலாளிகளிடம் வேறு கணக்கு வேண்டியிருந்தது. அவர்களிடம் செக்கு மாடு போலச் சுற்றிவரும் குதிரைகள் இருந்தன. சக்கரம் சுழற்றும் எந்திரத்தைச் செய்யுமாறு வாட்டைப் போல்ட்டன் விடாமல் தூண்டினார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கினால், அது ஒரு குதிரை சக்தி என்று வாட் கணக்கு வகுத்தார். எத்தனை குதிரைக்கு ஈடு என்று கேட்டால், ஆலைக்காரருக்கு உடனே விளங்கிற்று. லண்டனில் ஒரு குதிரை சக்திக்கு ஆண்டுக்கு 6 பவுன், வெளியூரில் 5 பவுன் கட்டணம். நம் வயலில் உள்ள பம்புசெட்டுக்கு எச்.பி. என்கிறோமே, அது இந்தக் குதிரைதான்.

லண்டனில் விட்பிரெட் மதுபானச் சாலையில் 1785-ல் ஓர் எந்திரம் நிறுவினார்கள். அதைப் பார்க்க 1787-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜே வந்தார்.

கசந்த கணக்கு

கார்ன்வாலில் காற்று மாறியது. எந்திரம் வந்த புதிதில் மிச்சப் பணம் கண்ணில் நின்றது. நாள் ஆக ஆக, பழைய செலவு மறந்து போயிற்று. மாதந்தோறும் கொடுக்கும் பங்கு மட்டும் உறுத்தியது. அவர்கள் செய்ததும் முற்றிலும் அநியாயம் என்று சொல்ல முடியாது. செம்பு விலை விழுந்த காலம் அது. போல்ட்டனே சுரங்கங்களில் பங்கு வாங்கி, அந்த நட்டத்தைத் தாமும் சுமந்தவர்.

சிலர் பணத்தை நிறுத்தினர். சிலர் வேறு ஆட்களைக் கொண்டு போட்டி எந்திரம் செய்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1799-ல் போல்ட்டனுக்கும் வாட்டுக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே காப்புரிமை முடிந்து விட்டது.

போல்ட்டன் 1809 ஆகஸ்டு 17-ந் தேதி காலமானார். சோகோ தொழிலாளர்கள் திரளாக இறுதி ஊர்வலத்தில் வந்தனர். அந்த நாளின் நினைவாகப் பதக்கம் ஒன்று அடித்து வழங்கப்பட்டது.