ஊர் எதிர்த்த மடம்

தெரேசா என்ற பெயர் நம் குடும்பங்களில் ஏராளம். அநேகமாய் அது லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளை நினைத்து இட்ட பெயராயிருக்கும். அவருக்கு 350 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, அதே கார்மெல் சபையைச் சீர்திருத்திய பெரிய தெரேசம்மாள் ஒருவர் உண்டு. அக்டோபர் 15-ந் தேதி திருநாள் கொண்டாடப்படும் அந்த அர்ச்சியசிஷ்டவளின் வரலாற்றில் ஒரு பகுதியை இவ்வாரம் காண்போம்.

1515-ம் ஆண்டு பிறந்த தெரேசம்மாள், தமது 20-ம் வயதில் அவிலா நகரத்து மனுஷாவதார மடத்தில் சேர்ந்தார். அங்கே 150-க்கு மேற்பட்ட கன்னியர் இருந்தார்கள். வருவோரும் போவோரும், பேச்சும் சந்தடியும் ஓயாத இடம். தாமும் அந்தப் பேச்சுகளில் பல வருஷங்களை வீணாக்கியதை எண்ணி வருந்திய தெரேசம்மாள், ஒரு சிலரே கூடி, நிலையான வருமானமின்றி, கைவேலையாலும் தர்மத்தாலும் பிழைத்து, ஜெபத்திலேயே நிலைத்திருக்கும் ஒரு சிறு மடம் வேண்டுமென ஆசித்தார். செய்தி கசிந்ததும் ஊர் சிரித்தது. சபை அதிபரும் முதலில் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் வாதாடவில்லை, காத்திருந்தார். பிறகு அவருடைய தங்கையும் தங்கை கணவரும் தங்கள் பெயரில் ஒரு சிறிய வீட்டை வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்த சகோதரர் பணம் அனுப்பினார். உரோமையிலிருந்து உத்தரவும் வந்தது.

1562 ஆகஸ்டு 24, அர்ச். பர்த்தலோமையார் திருநாள். நான்கு ஏழைப் பெண்கள் துறவு உடை பெற்றார்கள், பூசை நடந்தது, தேவநற்கருணை ஸ்தாபிக்கப்பட்டது. அர்ச். சூசையப்பர் பெயரால் மடம் பிறந்தது.

சந்தோஷம் சில மணி நேரமே. வெளியிலிருந்து எதிர்ப்பு வருமுன், உள்ளேயிருந்தே வந்தது. கீழ்ப்படிதலுக்கு விரோதமாய் நடந்துவிட்டோமோ, இந்தப் பெண்கள் இத்தனை கடுமையைத் தாங்குவார்களோ, நோயாளியான தம்மால் இங்கு வாழக் கூடுமோ என்ற சந்தேகங்கள் அவரைச் சூழ்ந்தன. ஜெபிக்கவும் இயலாத இருள். இருந்தும் தேவநற்கருணை முன் சென்று, அனுமதி கிடைத்தால் இங்கேயே வந்து அடைபட்டு வாழ்வதாக வாக்குக் கொடுத்தார். அக்கணமே அமைதி திரும்பியது.

சற்று ஓய்வெடுக்க நினைத்தவருக்குப் பழைய மடத்திலிருந்து உடனே திரும்பும்படி கட்டளை வந்தது. நான்கு பெண்களையும் ஆண்டவரிடம் ஒப்புவித்துவிட்டுக் கீழ்ப்படிந்து போனார்.

இதற்குள் நகரம் கொதித்தது. அவிலாவில் ஏற்கனவே பல மடங்கள் தர்மத்தால் பிழைத்து வந்தன. வருமானமில்லாத இன்னொன்று வந்தால் இருப்பவர்களின் உணவும் குறையும் என்றார்கள் நகரசபையார். அவர்கள் துஷ்டர்கள் அல்ல என்பதை நாம் மறக்கக்கூடாது. வீட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். நகர அதிகாரி நேரில் வந்து நான்கு பெண்களையும் வெளியேறச் சொன்னார். தங்களை வைத்தவர் மேற்றிராணியார், அவர் சொன்னாலன்றிப் போகமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். நகரத்தாரும் குருக்களும் பல சபைத் துறவிகளும் கூடிய பெரிய சபையில், நற்கருணையை அகற்றி மடத்தைக் கலைத்துவிடுவதே நியாயமென்று ஏறக்குறைய எல்லோரும் பேசினார்கள். தோமினிக் சபைக் குருவான தோமிங்கோ பாஞ்ஞெஸ் மட்டும், இது மேற்றிராணியாருக்குரிய விஷயம், அவசரம் வேண்டாம் என்றார். அவர் அதுவரை தெரேசம்மாளைக் கண்டதேயில்லை. வருமானம் வேண்டாமென்ற ஏற்பாடு அவருக்கும் பிடிக்கவில்லை!

வழக்கு அரசரின் ஆலோசனைச் சபைக்குப் போனது. தெரேசம்மாளிடம் பணமில்லை. போதாததற்கு, இதில் தலையிடக்கூடாதென்று மடத்துத் தாயாரின் கட்டளை. கையும் வாயும் கட்டப்பட்ட அந்த நிலையில் அவர் செய்த ஜெபம் மிகச் சிறியது: இந்த வீடு தம்முடையதல்ல, ஆண்டவருடையது, பேசுவதற்கு இனி ஒருவருமில்லாததால் அவரே பேசிக்கொள்ளட்டும் என்றார். உலகமெல்லாம் தமக்காக வாதாடுவது போன்ற நிம்மதி உண்டாயிற்றாம். அவரே தமது சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். நண்பரான குரு ஒருவர் அரசவைக்குப் போய் மடத்துக்காக வாதாடினார். மேற்றிராணியார் தொன் அல்வாரோ தெ மெந்தோசாவும் கைவிடவில்லை.

சில காலத்துக்குப்பின் சமாதானம் பேச வந்தார்கள். நிலையான வருமானத்தை ஏற்றால் வழக்கை விட்டுவிடலாம். இப்போதைக்குச் சம்மதித்து, அமளி அடங்கியபின் அதை விட்டுவிடலாமே என்று தெரேசம்மாளும் இளகினார். மறுநாள் முடிவு செய்யவேண்டும். அன்றிரவு ஜெபத்தில், ஒருமுறை வருமானத்தை ஏற்றால் பிறகு அதை விட விடமாட்டார்கள் என்று ஆண்டவர் உணர்த்தினார். காலையில் மறுத்துவிட்டார்.

ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்த அமளி மெல்ல ஓய்ந்தது. சபை அதிபர் அனுமதி தர, தெரேசம்மாள் தம் சிறு மடத்துக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் 1582-ல் மரிக்குமுன் அவர் கண்ட மடங்கள் இதையும் சேர்த்து 17. 1622 மார்ச் 12-ல், நம் முத்துக்குளித்துறையில் வேதம் போதித்த அர்ச். சவேரியாரோடு ஒரே நாளில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. 1970-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் வேதபாரகராக அறிவித்தார்.

சூசையப்பர் மடத்துக்கு உணவு எங்கிருந்து வந்ததென்று கேட்பீர்கள். கன்னியர் கைவேலை செய்தார்கள். ஊரார் தர்மம் கொடுத்தார்கள். மடத்தை அதிகமாய் எதிர்த்தவர்களும் அப்படிக் கொடுத்தவர்களில் இருந்தார்கள்.