மகரிஷிக்கு நான்கு ஆபரேஷன்

ரமண மகரிஷி 1896-ல், 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்தார். அப்புறம் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

முதுமையில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு கட்டி கண்டது. சிறு கட்டிதானே! 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 69.

கட்டி மறுபடியும் வளர்ந்தது. சதையில் பிடிக்கும் ஒரு வகைப் புற்றுநோய் அது. துளி மிஞ்சினாலும் முளைக்கும். மார்ச்சில் இரண்டாவது ஆபரேஷன். ரேடியம் வைத்தும் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். மகரிஷி இசையவில்லை. அந்த வயதில் அதுவும் லேசான ஆபரேஷன் அல்ல.

முதியவர்களுக்குப் புண் ஆற நாளாகும். உடல் தேறுமுன் அடுத்த கத்தி! ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது.

உடல் இளைத்தது. தரிசனம் மட்டும் நிற்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு மகரிஷி சமாதி அடைந்தார்.