பைபிளைத் திருத்திய ஜோசப் சுமித்

"மார்மன்" சபையைத் தொடங்கியவர் ஜோசப் சுமித். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், ஏழை விவசாயியின் மகனாக 1805-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி பிறந்தார்.

தேவதூதர் காட்டிய குன்றில் தங்கத் தகடுகள் கிடைத்ததாகவும், கடவுள் அருளால் அவற்றை மொழிபெயர்த்ததாகவும் கூறினார். அதுவே 1830-ல் அச்சான "மார்மன் புத்தகம்". ஏசாயாவின் அதிகாரங்கள் பல அதில் அப்படியே வருகின்றன. ஆனால், உயிர்த்தெழுந்த ஏசு அமெரிக்காவுக்கு வந்தார் என்பது பைபிளில் இல்லாத செய்தி.

சுமித் அதோடு நிற்கவில்லை. பைபிளையே திருத்த உட்கார்ந்தார்! எபிரேய மொழி அப்போது அவருக்குத் தெரியாது. 1833 வரை 3 ஆண்டுகள் வேலை நடந்தது.

இரண்டும் ஒத்துப்போனால் திருத்துவானேன்? பைபிளை மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். ஆனால் அவர் பிழையை நீக்கியதோடு விடவில்லை, புதிதாகவும் சேர்த்தார். யோசேப்பு என்ற பெயரில் ஒரு ஞானதிருஷ்டிக்காரர் தோன்றுவார், தந்தை பெயரும் அதுவே என்று ஆதியாகமத்தில் எழுதினார். யோசேப்புதான் ஆங்கிலத்தில் ஜோசப். சுமித்தின் தந்தை பெயரும் ஜோசப்!

கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவரே என்று 1844 ஏப்ரலில் பிரசங்கம் செய்தார். இதையும், பலதார மணத்தையும் எதிர்த்து, சபையை விட்டுப் பிரிந்தவர்கள் பத்திரிகை தொடங்கினர். ஒரே இதழ்தான் வந்தது. நாவூ நகர மேயராக இருந்த சுமித், அச்சகத்தை நொறுக்க உத்தரவிட்டார்.

அதனால் சிறை சென்றார். ஜூன் 27-ந் தேதி கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல், அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அப்போது வயது 38.

திருத்திய பைபிளின் கையெழுத்துப் பிரதியை மனைவி எம்மா பத்திரமாக வைத்திருந்தார். 1867-ல்தான் அது அச்சேறியது.