செங்கல்பட்டு ஜெயித்தால் டெல்லி ஜெயிக்குமா? ஓ.வி. அழகேசனும் ஒரு தொகுதியின் கதையும்

மக்களவைத் தேர்தல் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்தத் தொகுதியில் எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ, அதுதான் டெல்லியில் ஆட்சி அமைக்கும் என்று. ஆங்கிலத்தில் இதற்கு பெல்வெதர் தொகுதி என்று பெயர். மந்தைக்கு முன்னால் கழுத்தில் மணி கட்டிய ஒரு ஆடு போகும், மற்ற ஆடுகள் பின்னால் போகும். அந்த மணி ஆடுதான் பெல்வெதர்.

இந்தியாவில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் குஜராத்தின் வல்சாட். 1977 முதல் 2024 வரை நடந்த 13 தேர்தல்களிலும் அங்கே ஜெயித்த கட்சியே டெல்லியில் ஆட்சிக்கு வந்தது. 1996-ல் அது 13 நாள் ஆட்சிதான், ஆனாலும் கணக்கு கணக்குதானே.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தொகுதி உண்டா என்று தேடினால் செங்கல்பட்டு சுவாரஸ்யமான பதில் தருகிறது. அதைப் புரிந்துகொள்ள, இன்று பலருக்கும் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் கதையைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தெருக்கள் முழுக்க ஒலித்த பெயர் அது, ஆனால் வாழ்த்தாக ஒலிக்கவில்லை.

யார் இந்த அழகேசன்?

செங்கல்பட்டை ஒட்டிய ஒழலூர் கிராமத்தில் 1911 செப்டம்பர் 6 அன்று பிறந்தவர் ஓ.வி. அழகேசன். சுதந்திரப் போராட்டக் காலத்திலிருந்தே காங்கிரஸ்காரர். இந்திய அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். ஆட்சி மொழி பற்றி அந்தச் சபை 1949 செப்டம்பரில் எடுத்த முடிவு பின்னால் அவர் வாழ்க்கையிலேயே திரும்பி வரப் போகிறது. அதனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தி ஆட்சி மொழி, ஆனால் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும். 1950-லிருந்து எண்ணினால் கெடு முடிவது 1965.

முதல் பொதுத்தேர்தல் 1952-ல் முடிந்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு அது நல்ல தேர்தல் இல்லை. சட்டமன்றத்தில் 375 இடங்களில் 152-தான் கிடைத்தது. ஆனால் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் அழகேசன் ஜெயித்தார். நாற்பது வயதில் நேரு அரசில் ரயில்வே, போக்குவரத்துத் துறையின் துணை அமைச்சரும் ஆனார். அவருக்கு மேலே இருந்த அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐசிஎஃப், 1955 அக்டோபர் 2-ல் நேருவால் திறக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். சொந்த மாநிலத்துக்கு இவ்வளவு பெரிய தொழிற்சாலை வந்த நேரத்தில் ரயில்வே துணை அமைச்சர் ஒரு தமிழர். வேறு சூழலாக இருந்திருந்தால் அடுத்த தேர்தலுக்கு இதுவே போதும்.

1956 நவம்பர் 23

அந்த ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து ரயில் விழுந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழும்பூரிலிருந்து இரவு கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வழக்கம்போல செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம் வழியாகப் போனது. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியபோது, வெள்ளம் ஏற்கெனவே பாலத்தின் பலத்தைத் தின்றிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் சுமார் 150 பேர். நவம்பர் 23-ம் தேதி நடந்தது இது.

சாஸ்திரி மீண்டும் ராஜினாமா கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் எங்காவது ரயில் விபத்து நடந்தால், பொறுப்பேற்று விலகிய அமைச்சர் என்று சாஸ்திரியின் பெயர்தான் எல்லா சேனலிலும் வரும். நியாயம்தான்.

ஆனால் சாஸ்திரிக்கு அது பெருமையாக மாறிய அதே விபத்து அழகேசனுக்கு வேறொன்றாக மாறியது. பாலம் கட்டியதும் பராமரித்ததும் துணை அமைச்சர் இல்லை. அவருக்கு நேர்ந்த சிக்கல் அவருடைய பெயர். அரியலூர், அழகேசன் என்று மோனை தானாக அமைந்தது. ஆண்டது, மாண்டது என்று எதுகையும் கிடைத்தது. ஆண்டது போதாதா, மக்கள் செத்தது போதாதா என்று அவரையே பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு கோஷத்தைத் திமுக உருவாக்கி மாநிலம் முழுக்கப் பரப்பியது. சோஷியல் மீடியா இல்லாத காலத்தில் சுவரொட்டியும் மேடையும் ஊர்வலமும் சேர்ந்து வைரலாக்கிய வாசகம் அது. எழுபது வருடம் கழித்தும் பழைய அரசியல் பேசும் பெரியவர்களிடம் அரியலூர் என்று ஆரம்பித்தால், மிச்சத்தை அவர்களே முடித்துவிடுவார்கள்.

விபத்துக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் இருந்தது மூன்று நான்கு மாதம்தான்.

அலைக்கு எதிராகப் போன ஒரே முறை

1957 தேர்தலில் நாடு முழுக்கக் காங்கிரஸ் அலை. தமிழகச் சட்டமன்றத்தில் 205 இடங்களில் 151 காங்கிரஸுக்கு. காமராஜர் ஆட்சி வலுவாகத் தொடர்ந்தது. செங்கல்பட்டு மட்டும் அழகேசனைத் தோற்கடித்து, சுயேச்சையாக நின்ற ஆற்காடு கிருஷ்ணசாமியை டெல்லிக்கு அனுப்பியது.

கிருஷ்ணசாமி சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீதிக்கட்சித் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியாரின் மகன். முதல் மக்களவையில் காஞ்சிபுரம் எம்.பி. பின்னாளில் ஐ.நா.வுக்காக மத சுதந்திரம் பற்றி அவர் தயாரித்த ஆய்வை அந்தத் துறையில் இப்போதும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் கோஷம் ஒன்றுதான் அழகேசனைத் தோற்கடித்தது என்று சொன்னால், எதிரில் நின்றவரைக் குறைத்து மதிப்பிட்டதாக ஆகிவிடும். ஆனாலும் மாநிலமே ஒரு பக்கம் போனபோது இந்தத் தொகுதி மறுபக்கம் போனதற்கு அந்த மருதையாற்றுப் பாலம் ஒரு காரணம் இல்லை என்று வாதிடவும் கஷ்டம்.

இங்கேதான் பெல்வெதர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1952 முதல் 2004 வரை செங்கல்பட்டு 14 பொதுத்தேர்தல்களைப் பார்த்தது. ஜெயித்தவரின் கட்சியோ அதன் தேர்தல் கூட்டணியோ டெல்லியில் ஆட்சிக்கு வந்தது 10 முறை. தவறியது 1957, 1967, 1977, 1989. 1991 முதல் 2004 வரை தொடர்ச்சியாக ஐந்து தேர்தல்கள் சரியாகப் பொருந்துகின்றன. அதிமுக, திமுக, மறுபடி அதிமுக, அப்புறம் இரண்டு முறை பாமக. கட்சி மாறிக்கொண்டே இருந்தது, டெல்லியோடு இருந்த பொருத்தம் மட்டும் மாறவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைத் தொகுதியின் ராசி என்று நம்பினால் ஏமாந்துபோவோம். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் பெரும்பாலும் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். 1991-ல் 39-க்கு 39, 1996-லும் 39-க்கு 39, 2004-லும் அதே. மாநிலத்தில் ஜெயிக்கும் கூட்டணி டெல்லியில் ஜெயிப்பவரோடு இருந்தால் செங்கல்பட்டும் சரியாக வரும், இல்லாவிட்டால் தவறும். 1977-லும் 1989-லும் தமிழ்நாடு காங்கிரஸ் கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்தது, வட இந்தியா எதிர்ப்பக்கம் போனது. அவ்வளவுதான் விஷயம். உண்மையில் செங்கல்பட்டு பின்தொடர்ந்தது டெல்லியை இல்லை, சென்னையை. 14 தேர்தல்களில் மாநிலத்தின் போக்கோடு ஒத்துப்போகாமல் தனியாக நின்றது 1957-ல் ஒரு முறைதான்.

மறுபடி சாஸ்திரி, மறுபடி ராஜினாமா

1962-ல் செங்கல்பட்டு அழகேசனையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துக் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அதே தேர்தலில் தோற்றவர் அண்ணா. அழகேசன் மறுபடி மத்திய அரசுக்குப் போனார். 1965-ல் அவர் பெட்ரோலியம், ரசாயனத் துறையின் இணை அமைச்சர். பிரதமர் யார் தெரியுமா? அதே லால் பகதூர் சாஸ்திரி.

1949-ல் போட்ட 15 ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26-ல் முடிந்தது. தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இளைஞர்கள் தீக்குளித்தார்கள். துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. முதலமைச்சர் பக்தவத்சலம் இறங்கிவரவில்லை. அவரும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்காரர்தான்.

பிப்ரவரி 11 அன்று இரண்டு தமிழக அமைச்சர்கள் மத்திய அரசிலிருந்து ராஜினாமா கொடுத்தார்கள். ஒருவர் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். மற்றவர் அழகேசன். எட்டு ஆண்டுகளுக்கு முன் பொறுப்பேற்று விலகிய மனிதரின் மேசைக்கு, அன்று அவருக்குத் துணையாக இருந்தவரின் விலகல் கடிதம் வந்து சேர்ந்தது.

சாஸ்திரி அந்தக் கடிதங்களை ஏற்கலாம் என்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். பிரச்சினையைத் தணிக்க வேண்டிய நேரத்தில் இரண்டு தமிழ் அமைச்சர்களை வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. உறுதிமொழி சட்டமாக வடிவம் பெற 1967 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் நாம் இன்றைக்கும் ஆங்கிலத்தில் எழுத முடிவதற்குப் பின்னால் உயிர்கள் போன ஒரு போராட்டம் இருக்கிறது. டெல்லிக்குள்ளே இருந்து கொடுக்கப்பட்ட அழுத்தத்தில் இந்த இரண்டு கடிதங்களுக்கும் பங்கு உண்டு. போராடியவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையில் இதனால் எதுவும் குறையாது.

ஆனால் ஓட்டுப் பெட்டி இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1967-ல் தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் திமுக 25-ல் ஜெயித்தது. காங்கிரஸுக்கு வெறும் 3. ராஜினாமா கொடுத்த சி. சுப்பிரமணியமும் தோற்றார், இறங்கிவராத பக்தவத்சலமும் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்றார். செங்கல்பட்டு திமுகவின் சிட்டிபாபுவிடம் போனது. பெல்வெதர் கணக்கில் இது தவறிய வருடம், ஏனென்றால் டெல்லியில் இந்திரா காந்தியின் காங்கிரஸ்தான் ஆட்சி அமைத்தது. ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தமிழ்நாடு எந்தப் பக்கம் போகும் என்பதைக் காட்டிய தேர்தல் அது. எனக்கு வல்சாட் ரெக்கார்டைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கோஷம் போட்டவர்களே ஓட்டுக் கேட்டார்கள்

அழகேசன் 1968-ல் எத்தியோப்பியாவுக்கான இந்தியத் தூதராகப் போனார். 1971 தேர்தலுக்குத் திரும்பி வந்தபோது அரசியல் தலைகீழாக மாறியிருந்தது. காங்கிரஸ் உடைந்து, இந்திரா பக்கமும் காமராஜர் பக்கமும் பிரிந்திருந்தது. இந்திரா காங்கிரஸும் திமுகவும் கூட்டணி. திருத்தணியில் காங்கிரஸ் வேட்பாளர் அழகேசன்! 14 வருடத்துக்கு முன் அவரைப் பெயர் சொல்லித் துரத்திய கட்சி, இந்த முறை அவருக்காக ஓட்டுக் கேட்டது. ஜெயித்தார்.

அதே தேர்தலில் செங்கல்பட்டில் சிட்டிபாபுவும் திரும்ப ஜெயித்தார். அதாவது தொகுதியின் பழைய எம்.பி.யும் புதிய எம்.பி.யும் ஒரே கூட்டணியில் நாடாளுமன்றம் போனார்கள். அந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. நெருக்கடி நிலையில், 1976 ஜனவரி கடைசியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. சிட்டிபாபு மிசாவில் கைதாகிச் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டார். 1977 ஜனவரியில் இறந்துபோனார். சென்னை மேயராக இருந்தவர், இரண்டு முறை எம்.பி. அவருக்கு இந்த நிலை வந்தபோது அழகேசன் ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்தார். செங்கல்பட்டுத் தொகுதியின் வரலாற்றில் மிக இருட்டான பக்கம் இதுதான்.

1977-ல் அழகேசன் அரக்கோணத்தில் நின்று ஜெயித்தார். நாடு ஜனதாவுக்குப் போனதால் முதல் முறையாக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். அதுதான் அவருடைய கடைசி மக்களவை. 1992 ஜனவரி 3 அன்று காலமானார்.

அவருடைய தொகுதி அவருக்குப் பிறகு 16 வருடம்தான் இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி என்ற பெயரே போய்விட்டது. செங்கல்பட்டு நகரமும், மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூரும், செய்யூர், மதுராந்தகமும் இப்போது காஞ்சிபுரம் தனித் தொகுதிக்குள் இருக்கின்றன. அந்தத் தொகுதியில் 2009-ல் காங்கிரஸ் ஜெயித்தது, டெல்லியோடு பொருந்தியது. 2014-ல் அதிமுக, 2019-லும் 2024-லும் திமுக. மூன்று முறையும் டெல்லி வேறு பக்கம்.